எட்டு லிட்டர் கேபினெட்

யாஸ்மின் மூன்றாவது கம்ப்யூட்டர் கேபினெட்டையும் அட்டைப்பெட்டியிலிருந்து உருவியெடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்புறம் தெரியும்படி ஜெபஸ்டின் பக்கம் திருப்பினாள். இது எட்டு லிட்டர் சார், இதைவிடச் சின்னது ஒன்று இருக்கிறது, ஆனால் உங்கள் கிராபிக்ஸ் கார்டு அதில் நுழையாது என்றாள். அவன் தலையை ஆட்டினான். எட்டு லிட்டர். குடிதண்ணீர் கேனுக்கு லிட்டர் சொல்கிறார்கள், குக்கருக்குச் சொல்கிறார்கள், ஃபிரிட்ஜுக்குச் சொல்கிறார்கள், அதிலெல்லாம் எதையாவது ஊற்றுவோம் அல்லது அடைப்போம், இதில் ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை, காலி இடம், வெறும் காற்று, அதற்கும் லிட்டர்தான் போலிருக்கிறது. ஒரு மனுஷன் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் இழுப்பான் என்று கப்பல் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், ஓடினால் அதற்கு மேல், பயந்தால் இன்னும் மேல், அப்படியானால் இந்தப் பெட்டிக்குள் இருப்பது எத்தனை மூச்சு என்று கணக்கு தானாக ஓடத் தொடங்கியதும் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். சுவரில் விலைச்சீட்டுடன் மாட்டியிருந்த ஃபேன்களைப் பார்த்தான். ஒன்றும் சுற்றவில்லை. கடையின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. ஏசி போட்டால் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள். கதவுக்கும் அவனுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் பெனிட்டா உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. அவன் கேபினெட்டின் மூலையில் இருந்த ஒரு திருகை விரலால் தடவி, நல்லா இருக்கு என்றான், யாரிடம் என்றில்லாமல்.

கப்பலில் கேபினுக்குள் வைத்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர். அவ்வளவுதான் விஷயம். லேப்டாப் வாங்கிக்கொண்டு போகலாமே சார் என்று யாஸ்மினும் வந்தவுடனேயே கேட்டாள், எல்லோரும் கேட்பதுதான், அதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு லேப்டாப் கொண்டுபோய் இரண்டும் கடலில் கெட்டுப்போயின, என்ஜின் அதிர்வுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்காது, இதுவானால் எது பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். பத்து வருஷமாக சரக்குக் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்ப்பவன், இப்போது செகண்ட் இன்ஜினியர், கழற்றி மாற்றுவது அவனுக்குப் பெரிய காரியமில்லை. மதர்போர்டு வந்துவிட்டது. பிராசசர், மெமரி, கிராபிக்ஸ் கார்டு, உள்ளங்கையில் அடங்குகிற பவர் சப்ளை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கொளத்தூர் வீட்டில் பெனிட்டாவின் டிரெஸ்ஸிங் டேபிள்மேல் பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருந்தன, அவள் சீப்பு எடுக்கவே அவற்றை நகர்த்த வேண்டியிருந்தது. கேபினெட் ஒன்றுதான் பாக்கி. வாரக்கணக்கில் அதைத் தேடுகிறான். ஒன்றில் உயரம் சரியாக இருந்தால் அகலம் இடிக்கும், அகலம் சரியென்றால் சூட்கேஸில் படுக்க வைக்க முடியாது, எல்லாம் சரியென்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் வந்து இது சூடாகிறது என்று சொல்லிவிடுவான். பெனிட்டா ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் காலையில் இட்லித் தட்டை வைத்துவிட்டு, வியாழக்கிழமை ஃப்ளைட்டு, இன்னைக்கு ரிச்சி தெருவுக்கே போயி கையில எடுத்துப் பாத்துட்டு வந்துரலாம், நானும் வாறேன், பள்ளிக்கூடம் லீவுதானே என்றாள். தூத்துக்குடி பேச்சு அவளிடம் அப்படியே இருக்கிறது, அவனிடம்தான் கப்பல் கப்பலாக ஏறி இறங்கி எல்லா ஊர்ப் பேச்சும் கலந்துபோய்விட்டது. அவன் சரி என்றான். வேறென்ன சொல்வது. கேபினெட் கிடைத்துவிட்டால் எல்லாம் பூட்டி, சூட்கேஸில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிடலாம். அப்புறம் கிளம்ப வேண்டியதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் அவன் யோசனை, மாடு சந்தில் நின்றுவிடுகிற மாதிரி நின்றுவிட்டது, உந்தினாலும் நகரவில்லை.

இதுல காத்து எங்க இருந்து வரும் என்று கேட்டான். முன்பே கேட்டுவிட்டோமோ என்று சந்தேகமாக இருந்தது. யாஸ்மின் முகம் சுளிக்காமல் மறுபடியும் காட்டினாள், பக்கத்துத் தகட்டில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாக உள்ளே இழுக்கும், சூடு மேலே இந்த வழியாக வெளியே போகும். மேலே மூடிட்டா என்று கேட்டான். மேலே ஏன் சார் மூடப்போறீங்க என்று அவள் சிரித்தாள். நியாயம்தான். யார் மூடப்போகிறார்கள். கடல் கொந்தளித்தால் பெட்டி மேஜையிலிருந்து சறுக்கி விழும், அதற்கு ஏதாவது பிடிமானம் வேண்டும், அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். போன கப்பலில் இரண்டாவது லேப்டாப்பும் கெட்டபோது அதற்கு அப்பல்ராஜு வழி சொல்லியிருந்தார். நீங்க பெட்டி வாங்கிட்டு வா செகண்ட் சாப், நான் இரும்பில ஸ்டாண்டு அடிச்சுத் தருவேன், புயல் வந்தாலும் கப்பல் கவிழும், கம்ப்யூட்டர் கவிழாது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்து மனிதர், எண்ணூரில் சில வருஷம் வெல்டிங் வேலை பார்த்தபோது கற்ற தமிழ், மரியாதையும் ஒருமையும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். கப்பலில் ஃபிட்டர். புளிச்சக்கீரை ஊறுகாயை வெல்டிங் ராடு வரும் தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார், அதைக் கழுவி வெயிலில் காயவைத்தது என்று சத்தியம் செய்வார், யார் கேட்டாலும் ஒரு கரண்டி உண்டு, கேட்காதவர்களுக்கு இரண்டு கரண்டி. அந்தக் காரம் நாக்கில் இப்போதும் வருகிறது, இங்கே, கம்ப்யூட்டர் கடையில், புதுத் தகரமும் தெர்மோகோலும் மணக்கிற இடத்தில். வரக்கூடாது. எச்சிலை விழுங்கினான். இன்னொன்னு காட்டுங்க, கைப்பிடி வெச்ச மாதிரி என்றான். யாஸ்மின் உள்ளறைக்குப் போனாள். போகும்போது பெனிட்டாவைப் பார்த்து ஏதோ ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனாள், புருஷன்மாரைக் கடைக்குக் கூட்டி வருகிற பெண்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு. பெனிட்டா திருப்பிச் சிரிக்கவில்லை.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. வேணுகோபால். கப்பலுக்கு ஆள் அனுப்புகிற அலுவலகத்தில் இவனுக்குப் பொறுப்பானவர், நல்ல மனிதர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். சிங்கப்பூர் டிக்கெட்டை அனுப்பியிருக்கிறேன், பார்த்து சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நேற்றே கேட்டிருந்தார். அவன் சொல்லவில்லை. போன் தொடையில் இல்லாமல் நெஞ்சில் நடுங்கியதால் நடுங்குவது போனா நெஞ்சா என்று ஒரு கணம் தெரியவில்லை. எடுக்கலியா என்றாள் பெனிட்டா. கம்பெனி போன், அப்புறம் பேசிக்கலாம் என்றான். அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் தப்பாகப் போட்டால் தப்பு என்று சொல்லமாட்டாளாம், அடுத்த வரியைப் போடு என்பாளாம், தப்பு எங்கே முட்டுகிறதோ அங்கே அவர்களே நிற்பார்களாம். கல்யாணமான புதிதில் அவளே பெருமையாகச் சொன்னது. அன்றைக்கு அது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது, இப்போது தான் வரிவரியாகப் போட்டுக்கொண்டே போவதாகவும் அவள் கைகட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நிற்பதாகவும் தோன்றியது. அவளுக்கு என்ன தெரியும். போன பயணத்தில் ஒருத்தர் தவறிவிட்டார் என்று தெரியும், அது அவனே போனில் சொன்னது, அந்த நாலு சொல்லுக்கு மேல் சொல்லவில்லை. திரும்பி வந்ததிலிருந்து இளைத்துவிட்டான் என்று தெரியும். கேமராவும் விளையாட்டும் பாட்டும் என்று முன்பு இருந்த மனிதன் போனபடியே திரும்பி வரவில்லை என்று தெரியும், அதனால்தான் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுபோங்க, மனசுக்கு நல்லாருக்கும் என்று பழைய பேச்சை அவளே மறுபடி ஆரம்பித்தாள். நல்ல எண்ணம். அவள் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. போன் நின்றது. நின்ற பிறகும் நெஞ்சில் ஏதோ நடுங்கிக்கொண்டே இருந்தது.

யாஸ்மின் கொண்டுவந்தது கறுப்பாக, கைப்பிடி வைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு தகடு, இந்தப் பக்கம் மதர்போர்டு, அந்தப் பக்கம் முதுகோடு முதுகாக கிராபிக்ஸ் கார்டு, ரொட்டியின் நடுவே வெண்ணெய் தடவின மாதிரி இடைவெளி என்று அவள் விளக்கினாள். கார்டை இணைக்கிற ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க அவன் கையை உள்ளே விட்டான். மணிக்கட்டு வரை போயிற்று. விரலால் துழாவி அந்தப் பட்டை ஒயரைத் தொட்டான். கையை இழுத்தபோது வரவில்லை. வாட்ச் எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை இழுத்தான், பெட்டி கையோடு மேஜையில் நகர்ந்து வந்தது. திருப்புங்க சார், லேசா திருப்புங்க என்று யாஸ்மின் சொல்வது கேட்டது, மிகத் தூரத்திலிருந்து, இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி. எப்படிக் கையை எடுத்தான் என்று தெரியவில்லை, தோல் உரிந்திருந்தது, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி வளைவுக்கு வந்துவிட்டான். அங்கே கம்பி வைத்த ஒரு திறப்பு இருந்தது. கீழே ரிச்சி தெரு, ஹார்ன், வெயில், தள்ளுவண்டியில் ஏற்றிய டிவிப் பெட்டிகள், ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஆட்கள். காற்று வந்தது. மூச்சை இழுத்தான், உள்ளே போயிற்று, ஆனால் போதுமான அளவு போகவில்லை என்று தோன்றியது, மறுபடி இழுத்தான். கப்பலின் அடியில் தண்ணீர் நிரப்புகிற அந்த டேங்க் வெகுகாலம் மூடிக்கிடந்த டேங்க். தண்ணீர் இல்லாத நேரத்தில் உள்ளே சுவரெல்லாம் துரு. துரு பிடிப்பது என்றால் என்ன, இரும்பு காற்றில் இருக்கிற உயிரைத் தின்பது, தின்றுவிட்டுச் சும்மா இருப்பது, வாசனை கிடையாது, நிறம் கிடையாது. டேங்கின் வாயில் காற்றை அளக்கிற மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், சரியாகத்தான் காட்டியது. அப்பல்ராஜு ஏணியில் இறங்கினார், ஒரு வால்வு கசிகிறது, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும், சின்ன வேலை. ஆள் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஜெபஸ்டின் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார், அது டேங்கில் மோதி எதிரொலித்து யாரோ நாலுபேர் முணுமுணுப்பது போலக் கேட்டது. கீழ்த்தட்டுக்கு இறங்கியிருப்பார். பாட்டு நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தான். எட்டிப் பார்த்தபோது டார்ச் தரையில் கிடந்தது, எரிந்துகொண்டே, யாரும் பிடிக்காமல், ஒரு துருப்பிடித்த சுவரை மட்டும் காட்டிக்கொண்டு. அப்பல்ராஜு என்றான். அப்பல்ராஜு. ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். வைத்த கால் இன்னும் வைத்தபடிதான் இருக்கிறது. பின்னாலிருந்து ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன், கப்பலில் தேர்ட் மேட், ஜெபஸ்டினின் வேலை உடுப்பின் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளி, அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். மாஸ்க் இல்லாமல் போனால் நீயும் வரமாட்டாய், மாஸ்க் இல்லாமல் போனால் நீயும் வரமாட்டாய், அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். காற்றுச் சிலிண்டரும் மாஸ்க்கும் மாட்டியவர்கள் வரும்வரை ஜெபஸ்டின் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவர்கள் ஓடித்தான் வந்தார்கள். விசாரணையில் நீங்கள் விதிப்படி சரியாக நடந்துகொண்டீர்கள் என்று பாராட்டினார்கள். பாராட்டினார்கள். அந்தச் சொல்தான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. ஒரு தப்பும் செய்யாதவன் யாரிடம் போய் என்ன சொல்லி அழுவது.

கண்ணாடிக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பெனிட்டா வந்து பக்கத்தில் நின்றாள். உரிந்த மணிக்கட்டைப் பார்த்தாள், கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சுற்றினாள். எதிர்ப்புறம் லிஃப்ட் வந்து நின்றது, இரண்டு பேர் மானிட்டர் பெட்டியோடு பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தார்கள். வரும்போது அவள் அதில்தான் வந்தாள், கூட்டமா இருக்கு, நீ போ என்று சொல்லிவிட்டு அவன் படியேறி வந்தான். அப்போது அதில் கூட்டமே இல்லை என்பது இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"கீழ போயி ஒரு டீ குடிப்போமா" என்றாள். "லிஃப்ட் நிக்கிது."

அவன் லிஃப்டைப் பார்த்தான். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்று பேர் நிற்கலாம், நெருக்கி நின்றால் நாலு. கதவு தானாக மூடிக்கொண்டது.

"நீ போ. நான் படியில..."

"வீட்லயும் அஞ்சு மாடி படியிலதான் ஏறுதீங்க. காய்கறி மூட்டையோட ஏறுதீங்க. கேட்டா எக்ஸர்சைஸ்னீங்க, நானும் சரின்னேன்." அவள் குரல் உயரவில்லை. "பாத்ரூம் கதவத் தாப்பாள் போடுறதில்ல. ராத்திரி ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுப் படுக்கீங்க. அதுக்கும் நான் ஒண்ணும் கேக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சொல்வதற்கு அவன் வாயில் என்னென்னவோ வந்தது, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, ராத்திரி வெக்கை, எல்லாம் நல்ல காரணங்கள், ஒவ்வொன்றும் வரிசையில் முன்னால் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கீழே யாரோ யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னால போக முடியாது பெனி."

"கப்பலுக்கா, லிஃப்டுக்கா?"

"ரெண்டுக்கும்."

சொன்ன பிறகு என்ன ஆகும் என்று அவன் காத்திருந்தான். மாதக்கணக்காக அதைத்தான் பயந்துகொண்டிருந்தான், சொன்னவுடன் ஏதோ ஒன்று இடிந்து விழும் என்று. பெனிட்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது, ஆனால் அழவில்லை. சரி என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சரி என்றாள், முதலாவது அவனுக்கு, இரண்டாவது தனக்கு என்பது போல. ஒரு டாக்டரப் பாப்போம், மத்ததெல்லாம் அப்புறம் என்றாள். பிறகு, கடைக்காரம்மா உள்ள பெட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்காங்க, போயி வேண்டாம்னாவது சொல்லணும் என்றாள்.

உள்ளே போகுமுன் அவன் வேணுகோபாலைக் கூப்பிட்டான். முதல் தடவை எண் தப்பி வேறு யாருக்கோ போயிற்று. வியாழக்கிழமை வரவில்லை என்றதும் அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றான். மெடிக்கல் டெஸ்டில் எல்லாம் சரியாக இருக்கிறதே தம்பி என்றார். அந்த டெஸ்ட்ல இதக் கேக்க மாட்டாங்க சார் என்றான். மூடின இடத்துக்குள்ள என்னால போக முடியல, என்ஜின் ரூமுக்கே இறங்க முடியுமான்னு தெரியல. கடைசி நேரத்தில் சொன்னால் ஆளுக்கு எங்கே போவது, அடுத்த கப்பல் உங்களுக்குக் கிடைப்பது கஷ்டமாகிவிடும் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, அந்த டேங்க் விஷயமா என்று கேட்டார். ஆமா என்றான். சரி, எழுதி அனுப்புங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். தம்பி என்று சொல்லவில்லை. அது வலித்தது, ஆனால் எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டமுடிகிற வலி.

யாஸ்மினிடம் போய் நின்றபோது வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். டிரெஸ்ஸிங் டேபிள்மேல் காத்துக்கிடக்கிற மதர்போர்டும் கார்டும் நினைவுக்கு வந்தன. பெருசா ஒண்ணு காட்டுங்க என்றான். எவ்வளவு பெருசு சார் என்று கேட்டாள் அவள், வந்ததிலிருந்து சின்னது சின்னது என்று உயிரை வாங்கியவன் இவன்தானா என்ற சந்தேகத்தோடு. வீட்லயே வெச்சுக்கற மாதிரி, எங்கயும் தூக்கிட்டுப் போகாத மாதிரி, உள்ள நல்லா இடம் இருக்கணும் என்றான். அப்படியானால் உங்கள் போர்டு அதில் சின்னப் பிள்ளை அப்பா சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும், பவர் சப்ளைக்கு மட்டும் ஒரு தகடு வைத்துப் பிடிக்க வேண்டும், மற்றபடி தாராளமாக உட்காரும் என்றாள். இறக்கிக் காட்டிய கேபினெட் அவன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்தது. முன்பக்கம் முழுக்க வலை. இதில் காற்று எங்கிருந்து வரும் என்று அவன் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்க்கவும் இல்லை, அதற்கு இன்றைக்குத் தெம்பில்லை. பெனிட்டா மட்டும் எழுந்து வந்து, அதன் பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, இதுல துணியே காயப்போடலாம் என்றாள். யாஸ்மின் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உதடு வரை வருவதற்குள் அது வேறு ஏதோ ஆகிவிட்டது, திரும்பிக்கொண்டு விலைச்சீட்டைப் படிக்கிற மாதிரி நின்றான்.

பெட்டி லிஃப்டில் நுழையாது என்று கடையில் சொன்னார்கள். படியில்தான் இறக்கினார்கள், அவன் கீழ்ப்பக்கம், அவள் மேல்பக்கம். ஆட்டோக்காரர் ஒருத்தர் பெட்டியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு வாங்க, இந்தச் சந்துல ஏத்த முடியாது என்று போய்விட்டார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்கள். அவளுடைய நடை சின்னது, அவன் எட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்டிக்கு மேலாக அவள் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. வியாழக்கிழமை என்ன செய்வது, அதற்கடுத்த வியாழக்கிழமை என்ன செய்வது, ஊரில் அம்மா கேட்டால் என்ன சொல்வது, தெரியாது, கரையில் யார் வேலை தருவார்கள், தெரியாது, ராத்திரி அந்த டார்ச் எரியத்தான் போகிறது, இன்றைக்கும் எரியும். நெஞ்சுக்குள் இருந்த படபடப்பு போகவில்லை. ஆனால் அது இப்போது ஏதோ ஒரு பக்கமாகப் போக ஆரம்பித்திருந்தது, நின்ற இடத்திலேயே சுற்றவில்லை.

"பெனி" என்றான்.

"ம்."

"போன தடவ ஒருத்தர் தவறிட்டார்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"அவர் பேரு அப்பல்ராஜு. ஃபிட்டர். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் நின்றாள். அவள் நின்றதால் அவனும் நின்றான். பெட்டியை நடுத்தெருவிலேயே இறக்கி வைத்தார்கள். இறக்கியதும் இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு மேஜைபோல நின்றது, அவள் அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள், கைப்பை தோளிலிருந்து நழுவியதைக்கூடச் சரிசெய்யவில்லை. ஊறுகாயிலிருந்து ஆரம்பிப்பதா, பாட்டிலிருந்தா, ஏணியிலிருந்தா. நல்லா பாடுவார் என்று ஆரம்பித்தான். பின்னால் பாரம் ஏற்றிய மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருத்தர் மணியை அடித்து, கதையெல்லாம் ஓரமாப் போய் பேசுங்கம்மா, வழி வேணும் என்றார். பெட்டியைத் தரையில் தேய்த்து ஓரத்துக்கு நகர்த்தினார்கள், ஒரு சார்ஜர் கடையின் படிக்கட்டுக்குப் பக்கத்தில். வண்டி போகும்வரை பெனிட்டா அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போனதும், "என்ன பாட்டுப் பாடுவாரு" என்று கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான்.